குடோன் இருப்பும் கணினி இருப்பும்

மதுரை

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய கொட்டேஷனைப் படித்தேன். பில், கொள்முதல், குடோன், லைன் வசூல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், என் அத்தானான உன் அப்பாவின் செல்போனில் அன்றன்றைய லாபம் என்று எல்லாம் ஒரே மென்பொருளில் வந்துவிடும் என்கிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று ஒரே வரியில் பதில் கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் முடிவதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். "சிட்டையிலும் பேரேட்டிலும் ஓடிய கடைக்கு இதெல்லாம் எதற்கு" என்று அத்தான் முறைப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அவர் முறைப்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்து பார். இப்போது கடையில் ஓடும் கணக்கு மென்பொருளில் துவரம்பருப்பு இருப்பு எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள். குடோன் பார்க்கும் அண்ணனிடம் போய், எண்ணாமல் உத்தேசமாகச் சொல்லச் சொல். பிறகு இரண்டு பேருமாக நின்று மூட்டையை எண்ணுங்கள். மூன்று எண் கிடைக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடலாம். நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் அப்படி இருந்ததை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பல நேரம் குடோன் அண்ணன் வாயால் சொன்னதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

பெட்டிக்கடை முதல் பெரிய கம்பெனி வரைக்கும் வியாபாரத்தில் கணினியை வைத்துச் செய்கிற வேலை எல்லாமே, எழுதியிருக்கும் எண்ணையும் நிஜத்தில் இருக்கும் சரக்கையும் விலகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான். சரக்கு நகர்கிறது, பணம் நகர்கிறது, கடன் ஏறி இறங்குகிறது. கூடவே எண்ணும் நகர வேண்டும். அது எந்த நேரத்தில் நகர்கிறது, யார் கையால் நகர்கிறது, இரண்டும் விலகிப்போனால் எதை நம்புவது? இந்தக் கேள்விகளுக்கு உன் கொட்டேஷனில் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. அந்தப் பதிலைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

வியாபாரக் கணக்கை முதன்முதலில் அன்றாடம் கணினியில் ஓட்டியது எந்தக் கம்பெனி என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்களா? வங்கியோ இன்ஷூரன்ஸோ என்று நினைப்பாய். இங்கிலாந்தில் டீயும் கேக்கும் விற்ற கம்பெனி. ஜே. லயன்ஸ் என்று பெயர். நம் ஊர் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் குடிக்கிற டீக்கடை இல்லை. மேஜை போட்டு, சீருடை அணிந்த பெண்கள் பரிமாறுகிற கடைகள். லண்டன் ஹாமர்ஸ்மித்தில் கேட்பி ஹால் என்ற இடத்தில் அவர்களுக்குப் பெரிய பேக்கரி. அரைப் பென்னி, கால் பென்னி லாபத்தில் லட்சக்கணக்கான சின்னச் சின்ன விற்பனை. ஒவ்வொன்றுக்கும் எழுத்து வேலை. எழுத்து வேலைக்கு ஆகும் செலவே லாபத்தைத் தின்றுவிடும் என்ற கவலை அந்தக் கம்பெனிக்கு எப்போதும் உண்டு. பலசரக்கு மொத்த வியாபாரம் பார்க்கும் வீட்டில் பிறந்த உனக்கு இதை விளக்க வேண்டாம்.

1947இல் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு, ரேமண்ட் தாம்ப்ஸன் என்ற தன் மேலாளர்கள் இருவரை லயன்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பியது, அங்கே அலுவலக வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவர. அலுவலகங்களில் அவர்களை அசத்தும்படி ஒன்றும் இல்லை. ஆனால் ராணுவக் கணக்குக்காகக் கட்டப்பட்ட எலெக்ட்ரானிக் பொறியைப் பற்றி அங்கே விசாரித்தார்கள். அதுபோல ஒன்றைத் தங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் அமெரிக்காவில்தான் தெரியவந்தது. திரும்பிவந்து எழுதிய அறிக்கையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டு, கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண்டும் ஒரு ஊழியரையும் கொடுத்து உதவியது. அந்த எட்சாக் கணினி 1949 மே மாதம் ஓடியதும், அதைப் பார்த்து லயன்ஸ் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டது. பெயர் லியோ. ஆயிரக்கணக்கான வால்வுகள், நினைவகத்துக்குப் பாதரசம் நிரப்பிய குழாய்கள். 1951 நவம்பர் கடைசியில் பேக்கரியின் வாராந்தரக் கணக்கு அதில் ஓட ஆரம்பித்தது. பிறகு சம்பளக் கணக்கு. குமாஸ்தா ஒருவருக்கு 8 நிமிடம் பிடித்த ஓர் ஊழியரின் சம்பளத்தை லியோ ஒன்றரை வினாடியில் போட்டது.

வேகத்தைத்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்குப் பிடித்தது 1954இல் தொடங்கிய டீக்கடை ஆர்டர் வேலை. நாளைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை கேக் வேண்டும் என்று ஒவ்வொரு கடையும் தினமும் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கடையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் முழுப் பட்டியலையும் தாளில் நிரப்பி அனுப்புவார். லியோ வந்தபோது இந்தத் தாளை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால் அதுவும் முன்னேற்றம் என்றே பேசப்பட்டிருக்கும். அவர்கள் தாளையே ஒழித்தார்கள். ஒவ்வொரு கடைக்கும், வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும், வழக்கமான ஆர்டர் ஒன்று முன்பே பதிவாகியிருக்கும். மாறுதல் இருந்தால் மட்டும் சொன்னால் போதும். குறித்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். "கிழமை ஆர்டரில் பன் இரண்டு டஜன் கூட, கேக் ஒரு டஜன் குறைவு" என்று கடைக்கார அம்மாள் சொல்லச் சொல்ல, மறுமுனையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய பெண் கேட்டபடியே அட்டையில் துளையிடுவார். அந்த அட்டை நேராகக் கணினிக்குப் போகும். நடுவில் எழுதிவைக்க, பார்த்து எழுத, திருப்பி எழுத யாரும் இல்லை.

இதைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர் டேவிட் கேமினர். கணினி என்ன செய்யும் என்பதிலிருந்து அவர் தொடங்கவில்லை. செய்தி எங்கே பிறக்கிறது, அங்கிருந்து எத்தனை கை மாறுகிறது என்று முதலில் வரைந்து பார்த்தார். இன்றைக்கு ஐடி கம்பெனிகளில் பிசினஸ் அனலிஸ்ட் என்று சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

இனி உங்கள் கடைக்கு வா. உங்கள் கடையில் செய்தி எங்கே பிறக்கிறது? ராத்திரி லாரி வந்து இறங்கும்போது. அந்தச் செய்தி எத்தனை கை மாறுகிறது என்று கொஞ்சம் எண்ணு. டிரைவர் பில்லைக் குடோனில் கொடுக்கிறார். குடோன் அண்ணன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையில் கல்லாவில் தருகிறார். கல்லாவில் அது பேப்பர் வெயிட்டுக்கு அடியில் போகிறது. கணக்கு எழுதுபவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது ஏற்றுகிறார். இதற்குள் அந்த மூட்டைகளில் பாதி விற்றே போயிருக்கும். விற்பனை பில் மட்டும் உடனே போடப்படுகிறது, ஏனென்றால் வாங்க வந்தவர் நின்றுகொண்டிருக்கிறார். ஆக, கணினியில் வராத சரக்கு விற்கிறது. இருப்பு மைனஸில் போகிறது. குடோனில் மைனஸ் 12 மூட்டை எந்த மூலையில் அடுக்கியிருக்கும்?

மைனஸ் இருப்பு வந்தால் பில் போட விடாமல் தடுக்கும் வசதி மென்பொருளில் உண்டு. உன் கொட்டேஷனிலும் அதைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து முதல் நாளே அதை இயக்கிவிடாதே. வரவு ஏறாமல் இந்தப் பக்கம் பூட்டுப் போட்டால், கண் முன்னே சரக்கு கிடக்க, பில் போட முடியாமல் கவுண்டர் நின்றுவிடும். ரெண்டாம் நாள் பையன் கைச்சிட்டையில் எழுதிக் கொடுக்க ஆரம்பிப்பான். அதோடு அந்த மென்பொருளின் கதை முடிந்தது.

வரவைக் குடோன் வாசலிலேயே பதிய வேண்டும். அண்ணனிடம் ஒரு போன், அதில் ஒரே ஒரு திரை: என்ன சரக்கு, எத்தனை மூட்டை வந்தது. அவ்வளவுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அனுப்பியவரின் பில்லில் உள்ள எண்ணிக்கை அந்தத் திரையில் தெரியக் கூடாது. தெரிந்தால் நூற்றுக்கு நூறு அதையே தட்டிவிட்டுப் போவார், யாராக இருந்தாலும். அவர் எண்ணியதும் பில்லில் உள்ளதும் தனித்தனியாக உள்ளே போய்ப் பிறகு ஒப்பிடப்பட்டால்தான் இரண்டு மூட்டை குறைவு என்பது லாரி நிற்கும்போதே தெரியும். லாரி போன பிறகு தெரிந்து என்ன பயன்?

அடுத்தது ஐட்டம் பட்டியல். உங்கள் கணினியில் 'துவரம்பருப்பு', 'து.பருப்பு', 'தூர்தால் 1' என்று மூன்று இருக்கிறது. மூன்றும் ஒரே சரக்கு. கொள்முதல் ஒன்றில் ஏறுகிறது, விற்பனை இன்னொன்றில் இறங்குகிறது. அளவும் அப்படித்தான். மில்லில் குவிண்டாலில் பில் வருகிறது, நீங்கள் மூட்டையில் விற்கிறீர்கள், சில்லறையாகக் கேட்டால் பிரித்துக் கிலோவில் போடுகிறீர்கள். 50 கிலோவும் மூட்டை, 30 கிலோவும் மூட்டை. ஒரு மூட்டையைப் பிரித்தால் மூட்டைக் கணக்கில் ஒன்று குறைந்து கிலோக் கணக்கில் ஏற வேண்டும். அதை யாரும் எழுதுவதில்லை. சேதாரம், ஈரம் காய்ந்து எடை குறைவது, சாம்பிளுக்கு எடுத்தது, வீட்டுக்குப் போனது என்று இன்னும் ஒரு வரிசை இருக்கிறது. வீட்டுக்குப் போவதைக் கணக்கில் எழுதச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும், பரவாயில்லை, எழுது.

பொதியின் அளவு வரியையும் தொடுகிறது. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிப் பொதிந்த பருப்பு, அரிசி, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட பொதிக்கு இல்லை. அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? ஆகவே ஒரே பருப்பானாலும் 25 கிலோப் பொதியும் 30 கிலோ மூட்டையும் பட்டியலில் தனித்தனி ஐட்டமாக, தனித்தனி வரி விகிதத்தோடு இருந்தாக வேண்டும். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் செய்து தராது. நீ உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக, அண்ணனையும் அத்தானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கொட்டேஷனில் உள்ள மற்ற எல்லாமே இந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கிறது.

பதிவைத் தனி வேலையாக வைக்காமல், வேலை நடக்கும்போதே தானாகப் பதிவாகும்படி செய்தவர்கள்தான் இந்தத் துறையில் ஜெயித்திருக்கிறார்கள். பார்கோடு அப்படிப்பட்டது. 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கட்டு ரிக்லி சூயிங்கம் ஸ்கேனரைக் கடந்தது. விலை 67 சென்ட். அதற்கு முன் காசாளர் ஸ்டிக்கரில் உள்ள விலையைத் தட்டுவார். எவ்வளவு பணம் வந்தது என்று கடைக்குத் தெரியும், எது விற்றது என்று தெரியாது. ஸ்கேன் செய்ததும் பில்லும் விழுந்தது, எது விற்றது என்ற செய்தியும் விழுந்தது. பார்கோடுக்குள் விலை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பது வெறும் எண். விலை கடையின் கணினியில் இருக்கிறது. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று வாட்ஸ்அப்பில் வருவதும் பாதி உண்மைதான்; அந்த எண் இந்தியாவில் பதிவு செய்து வாங்கப்பட்டது என்பதே அதன் பொருள். இந்த விற்பனைச் செய்தியை வைத்துக்கொண்டுதான் வால்மார்ட் வளர்ந்தது. 1987இலேயே தன் கடைகளையெல்லாம் சொந்தச் செயற்கைக்கோள் இணைப்பில் கோத்துவிட்டது. உங்கள் மூட்டை வியாபாரத்துக்கு இப்போதைக்குப் பார்கோடு வேண்டாம். எண்ணெய், மசாலா மாதிரி பாக்கெட் சரக்குக்கு மட்டும் போதும்.

கல்லாவில் "பெறப்பட்டது" என்று கத்தும் அந்தப் பெட்டியும் அதே வகை. யுபிஐ 2016இல் வந்தபோது கடைக்காரர்களின் பெரிய தலைவலி, பணம் வந்ததா என்று போனை எடுத்துப் பார்ப்பது. கூட்ட நேரத்தில் யார் பார்ப்பார்கள்? பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. சிம் கார்டு போட்ட ஒரு சின்ன ஸ்பீக்கர் அதைத் தீர்த்தது. பெரிய மென்பொருள் விற்பவர்கள் அலட்சியமாகப் பார்க்கும் பொருள். நான் பார்த்தவரை சிறு வியாபாரத்துக்கு வந்ததில் உருப்படியான கண்டுபிடிப்பு அது. ஆனால் அது ரூபாயைத்தான் சொல்லும், யார் கணக்கில் வரவு வைப்பது என்று சொல்லாது. லைனில் உள்ள கடைக்காரர் தன் மகன் போனிலிருந்து அனுப்பினால் பேங்க் ஸ்டேட்மெண்டில் மகன் பெயர்தான் இருக்கும். ஒட்டிவைத்த க்யூஆருக்குப் பதிலாக, ஒவ்வொரு பில்லிலும் தொகையும் பில் எண்ணும் உள்ளே பொதிந்த க்யூஆர் அச்சிட முடியும். கொட்டேஷனில் எட்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இது இருக்கிறது. அதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

இதுவரை சொன்னது உங்கள் பதிவு. அடுத்தவர் பதிவும் இப்போது உங்களைக் கட்டுகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, நீங்கள் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால் விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி 2பி என்ற பட்டியல் போர்ட்டலில் வரும். அதில் இல்லாத பில்லுக்கு 2022 ஜனவரி முதல் கழிவு கிடையாது. பணம் கொடுத்து, சரக்கு இறக்கி, பில்லையும் கையில் வைத்திருந்தாலும் கிடையாது. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வியாபாரிகள் 2023 ஆகஸ்ட் முதல், இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை அரசின் போர்ட்டலில் பதிந்து எண்ணும் க்யூஆரும் வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும். இந்த 5 கோடியில் வரியில்லாப் பருப்பு விற்பனையும் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அத்தானிடம் கேட்டுப் பார். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல் வரிச் சரக்கு போனால் லாரி கிளம்பும் முன் இ-வே பில். இதையெல்லாம் திட்டுகிறவர்கள் நிறைய. எனக்கும் மாதம் 20ஆம் தேதி வந்தால் திட்டத்தான் தோன்றும். ஆனால் கொள்முதல் பில்லை அன்றே ஏற்றும் பழக்கத்தை எங்கள் உபதேசம் எதுவும் செய்யாத அளவுக்கு இந்த 2பி செய்துவிட்டது.

பெரிய கம்பெனிகளுக்கு இதெல்லாம் கைவந்த கலை என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் ஹெர்ஷி என்று பெரிய சாக்லேட் கம்பெனி. 11 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து, ஆர்டர் முதல் குடோன் வரை எல்லாவற்றையும் மாற்றியது. 1999 ஜூலையில் ஒரே வீச்சில் புதிய மென்பொருளுக்குத் தாவினார்கள். அங்கே அக்டோபர் கடைசியில் ஹாலோவீன். நமக்குத் தீபாவளிக்கு இனிப்பு மாதிரி, சாக்லேட்டுக்கு அதுதான் சீசன். சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. சாக்லேட் இல்லாமல் இல்லை. சீசனுக்கு முன் இடம் போதாமல் கிடைத்த இடத்தில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த இடங்கள் புதிய மென்பொருளில் குடோன் என்று பதிவாகவே இல்லை. பழைய ஆட்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. உங்கள் கடையின் மாடியில், படிக்கட்டுக்கு அடியில், பக்கத்து வீட்டு ஷெட்டில் சரக்கு இருக்கிறதே, அதை நினைத்துக்கொள். சீசனுக்கு முன்னால் மாற்றம் வேண்டாம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

இனி சொல்லப்போவது இதைவிட முக்கியம். லியோவைக் கட்டிய பிரிவு பிற்காலத்தில் கைமாறி, 1968இல் ஐசிஎல் என்ற பிரிட்டிஷ் கணினிக் கம்பெனிக்குள் போய்ச் சேர்ந்தது. ஐசிஎல்லை ஜப்பானின் ஃபுஜித்ஸு வாங்கியது. அந்த வழியில் வந்தவர்கள்தான் பிரிட்டிஷ் தபால் துறைக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கட்டிக்கொடுத்தார்கள். 1999இலிருந்து ஊர் ஊராகச் சின்னத் தபால் நிலையங்களில் அது வந்தது. அந்த நிலையங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் மளிகைக் கடையோடு சேர்த்துத் தபால் கவுண்டரும் வைத்திருப்பவர்கள், அத்தான் மாதிரி மனிதர்கள். சாயங்காலம் கணக்கு முடித்தால் திரையில் பணம் குறைவதாகக் காட்டும். ஜோ ஹாமில்டன் என்பவர் 2,000 பவுண்டு குறைகிறதே என்று உதவி எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி செய்தார். கண்ணெதிரே அது 4,000 ஆனது. ஒப்பந்தப்படி குறைவதை நடத்துபவர்தான் கட்ட வேண்டும். வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு வழக்கு, பொய்க்கணக்கு வழக்கு. சீமா மிஸ்ரா என்ற பெண் 2010இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். மொத்தம் 900 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள்.

மென்பொருளில் பிழை இருந்தது. வெளியிலிருந்தே ஃபுஜித்ஸு ஆட்கள் ஒரு கிளையின் கணக்கைத் திருத்த முடிந்தது. அது முடியாது என்று பல காலம் சாதித்தார்கள். கணினி சரியாகத்தான் இயங்கியது என்று எடுத்துக்கொள்ளும்படி அந்த நாட்டுச் சட்டமும் இருந்தது. தபால் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் மற்றவர்களைத் திரட்டி வழக்குப் போட்ட பிறகு, 2019இல்தான் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2021இல் சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனை ஒரே நாளில் ரத்தானது. மற்றவர்களுக்காக 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

உன் கடையில் கவுண்டர் பையனின் கல்லா ஒரு நாள் 3,000 குறையும். கணினி சொல்கிறது என்று அவன் சம்பளத்தில் கைவைத்துவிடாதே. அந்த நாளின் ஒவ்வொரு பில்லையும், யார் எப்போது திருத்தினார்கள் என்பதையும் அவனே திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் இப்படித் திருத்தத் தடம் இருப்பது 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். உங்கள் கடைக்குக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அதை அணைத்து வைக்கும் வசதி உள்ள மென்பொருளை நான் வாங்க மாட்டேன்.

அத்தானின் பாதி நியாயத்துக்கு வருகிறேன். அவர் மனதில் இருப்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை. எந்தக் கடைக்காரர் சம்பள வாரத்தில் கொடுப்பார், யார் அறுவடைக்குப் பிறகு மொத்தமாகத் தீர்ப்பார், யாருக்கு ஒரு லட்சம் வரை கண்ணை மூடிக்கொண்டு தரலாம், யாரிடம் பழைய பாக்கி வாங்காமல் புது மூட்டை ஏற்றக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கொட்டேஷனில் 'கிரெடிட் லிமிட்', 'கிரெடிட் டேஸ்' என்று இரண்டு கட்டம் இருக்கிறது. விற்க வந்தவர் எல்லோருக்கும் 30 நாள் என்று ஒரே எண்ணைப் போட்டுக் காட்டியிருப்பார். அத்தானிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு பார்ட்டியாகக் கேட்டு எழுது. ஒரே மூச்சில் கேட்காதே. சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு, லைன் லைனாக. அவர் சொல்வதில் உனக்கு ஒப்பாதது இருந்தாலும் முதலில் அப்படியே எழுது. உன் தலைமுறைக்கு இந்தக் கடையிலிருந்து கிடைக்கிற மூலதனத்தில் அதுவும் சேர்த்தி.

மென்பொருளை இப்போது வாங்க வேண்டாம். இருக்கிறதிலேயே ஐட்டம் பட்டியலைச் சுத்தம் செய், பார்ட்டிப் பட்டியலைச் சுத்தம் செய், வரவைக் குடோனில் பதியப் பழக்கு. ஏப்ரலில் புது நிதியாண்டு, புது பில் வரிசை; மாற்றுவதானால் அதுதான் நேரம். அப்போதும் பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஓடட்டும். லயன்ஸ்காரர்களே சம்பளக் கணக்கை அப்படித்தான் மாற்றினார்கள். விற்க வருபவரிடம் அதற்குள் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கி வை. நெட் போனால் பில் போட முடியுமா? எங்கள் தரவு முழுவதையும் எக்ஸெல்லில் எடுத்துக்கொண்டு நாங்கள் வேறு இடத்துக்குப் போக முடியுமா? பேக்கப் எங்கே, யாரிடம்? தீபாவளி வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தால் யார் எடுப்பார்? அவர் என்ன சொன்னாலும், வாரம் ஒரு பேக்கப்பைக் கணினியிலிருந்து கழற்றி வீட்டு பீரோவில் வை. கணினியோடு எப்போதும் இணைந்திருக்கும் பேக்கப், வைரஸ் பூட்டும்போது சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

மார்ச் 31 ராத்திரி கடை அடைத்த பிறகு சரக்கு எண்ணிவிடுவோம், நானும் வருகிறேன். அதற்கு எண்ணும் தாளை நீ அச்சடித்து வைக்க வேண்டும். ஐட்டம் பெயர், அலகு, எந்த இடம் என்ற மூன்று பத்தி மட்டும். கணினி இருப்பை அதில் அச்சடிக்காதே. இரண்டு செட் எடு, இரண்டு ஜோடியாகத் தனித்தனியே எண்ணுவோம். இரண்டும் பொருந்தாத இடத்தில் மட்டும் மூன்றாம் தடவை. ஜோடியில் ஒருவர் குடோன் ஆளாகவும் ஒருவர் கடை ஆளாகவும் இருக்கட்டும். அன்று மதியத்துக்கு மேல் லாரி எதுவும் இறங்காதபடி மில்லுக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. படிக்கட்டுக்கு அடியில் உள்ளதையும் பக்கத்து வீட்டு ஷெட்டையும் பட்டியலில் தனி இடமாகச் சேர்த்துவிடு. அக்காவிடம் ராத்திரிச் சாப்பாடு எட்டுப் பேருக்கு என்று சொல்லிவை.

அன்புடன்,
மாமா